ஐஸ்கிரீம் எடிட்டர் பதவி விலகினார்

இதுவரை தமிழில் பத்திரிகை நடத்தியவர்களில், கைக்கு ரப்பர் உறை மாட்டி, வாய்க்கு முகமூடி கட்டி, நெற்றியில் விளக்கை எரியவிட்டுக்கொண்டு கட்டுரை திருத்திய ஆசிரியர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தருமபுரிக்காரர். இல்லை, எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று சொல்பவர்கள் அவரை முகமூடியோடு நேரில் அழைத்து வந்து காட்டலாம்.

அவருடைய சொந்தப் பெயர் ஆஸ்பத்திரிப் பலகையில் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. "ஐஸ்கிரீம் எடிட்டர்" என்று சொன்னால் போதும், மாவட்டத்தில் இருக்கிற பல் டாக்டர்கள் அத்தனை பேருக்கும் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பொம்மிடியில் ரயிலடிக்குப் பக்கத்தில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இப்படி எதையாவது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மாவட்டப் பல் மருத்துவர் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை "பல்வரிசை" என்றொரு இதழ் போடுகிறது. அது பிறந்த நாளிலிருந்து அவர்தான் ஆசிரியர். மற்ற ஆசிரியர்கள் கட்டுரையைக் கட்டுரையாகப் பார்ப்பார்கள். இவருக்கு அது ஒரு வாய். சொத்தையைத் தேடுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் முனை வளைந்த கம்பியை எடுத்து, ஒவ்வொரு வரியாகக் குத்திக்கொண்டே போவார். கம்பி எந்த இடத்தில் மாட்டி நிற்கிறதோ அந்த இடம் சொத்தை. லேசாக இருந்தால் சுரண்டி அடைப்பார். வேர் வரைக்கும் போயிருந்தால் பத்தியோடு பிடுங்கிவிடுவார்.

அதையும் முறைப்படி செய்வார். முதலில் எழுதியவருக்கு மரத்துப்போகிற ஊசி. அதாவது போன் போட்டு, "என்னா தமிழுங்க! என்னா ஞானம்ங்க! எங்கிருந்து புடிச்சீங்க இந்த நடையை?" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவருக்கு உதடு, நாக்கு, மூளை எல்லாம் இன்பத்தில் மரத்துப் போகும். அப்போது சொல்வார்: "ரெண்டு பாராவை எடுத்துட்டேனுங்க. வலிக்கலை இல்ல?"

பிடுங்கிய பத்தியைக் கத்தரித்து, பஞ்சு வைத்த சின்னக் கவரில் போட்டு, "உங்களுதுங்க, நீங்களே வெச்சுக்கங்க" என்று ஆள்மூலம் கொடுத்தனுப்புவார். கூடவே ஒரு கப் ஐஸ்கிரீமும் வரும். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்கிறோம் அல்லவா, பத்தி பிடுங்கினாலும் அதே வைத்தியம்தான் என்பது அவர் கட்சி. இதனால் எங்கள் மாவட்டத்தில் எழுத்தின் தரத்தை ஐஸ்கிரீமால் அளக்கும் வழக்கம் வந்துவிட்டது. "இந்தத் தடவை எத்தனை கப்புங்க?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். சங்கச் செயலாளர் ஒருமுறை தலையங்கம் எழுதிக் கொடுத்தார். அவர் வீட்டுக்கு ஃபேமிலி பேக் போனது.

இத்தனை பேரை எப்படி எழுத வைத்தார் என்று கேட்பீர்கள். அதுதான் அவருடைய தனித் திறமை. பல் டாக்டருக்குப் பல் வலித்தால் தனக்குத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. இன்னொரு டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். மாவட்டத்திலேயே லேசான கை அவருடையது. ஆகவே டாக்டர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் அவருடைய நாற்காலியில் மல்லாந்து படுத்தே தீர வேண்டும். படுத்ததும் பல்லின் அச்சு எடுக்கிறேன் என்று ஒரு தட்டு நிறையக் குழம்பு மாதிரி மாவைக் கலக்கி வாயில் திணிப்பார். அது இறுகும் வரை வாயை அசைக்கக் கூடாது. இதழின் ஆசிரியர் குழுக் கூட்டம் நடப்பது அந்த நேரத்தில்தான்.

நான் முதன்முதலில் மாட்டியதும் அப்படித்தான்.

"தம்பி, அடுத்த இதழுக்கு நீங்க ஒரு கட்டுரை குடுக்கறீங்க. சரிங்களா?"

"ஆ... ங்ங்" என்றேன். முடியவே முடியாது என்று அர்த்தம்.

"ரொம்ப சந்தோசங்க. ஒரு பக்கம் எழுதறீங்களா, ரெண்டு பக்கமா?"

"ங்ங்ங்!"

"மூணா? பேஷா எழுதுங்க. நான் தடுக்க மாட்டேன்."

தட்டை வெளியே எடுத்தபோது என் பல்வரிசையின் அச்சும் "பல்வரிசை"யின் அடுத்த கட்டுரையும் ஒரே நேரத்தில் தயாராகியிருந்தன. வரவேற்பறையில் இருந்த அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அண்ணி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை பக்கங்க?" என்று மட்டும் கேட்டார்.

இப்படி யானை பலத்தோடு பத்திரிகை நடத்திய மனிதர் ஒருநாள் காலையில் எனக்குப் போன் செய்தார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"தம்பி, தப்பான பல்லைப் பிடுங்கிட்டேன்."

பல் டாக்டரின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய விபத்து கிடையாது. சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் நல்ல பல்லைப் பிடுங்கியவன் பிறகு கம்பியைத் தொடவே கூசுவான்.

"யாருக்குங்கண்ணா? ஆளுங்க சத்தம் போடறாங்களா?"

"பாலக்கோட்டு டாக்டரம்மாவுக்கு."

"அய்யய்யோ! அவங்களுக்கா? எந்தப் பல்லுங்க?"

"நாலாவது பாரா."

விஷயம் இதுதான். பாலக்கோட்டு டாக்டரம்மா குழந்தைகளின் பால் பற்களைப் பற்றி எழுதியிருந்தார். அதில் நாலாவது பத்தி, குழந்தையின் ஈறை ஈரத் துணியால் எப்படித் துடைப்பது என்று தாய்மார்களுக்குச் சொல்லும் தங்கமான பத்தி. ஐந்தாவது, அவர் வெளியூரில் ஒரு மாநாட்டுக்குப் போனபோது காலையில் போட்ட பொங்கலைப் பற்றியது. எடிட்டர் ஐந்தைப் பிடுங்க நினைத்து நாலைப் பிடுங்கிவிட்டார். இதழும் வந்துவிட்டது. பால் பற்களைப் பற்றி உருக்கமாகப் போய்க்கொண்டிருக்கிற கட்டுரையில் திடீரென்று முந்திரி போட்ட பொங்கல் வருகிறது.

மாவட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. எழுதிய டாக்டரம்மாவே, வந்த கவரைப் பிரிக்காமல் ஐஸ்கிரீமை மட்டும் சாப்பிட்டிருந்ததால், கவனிக்கவில்லை. நாலைந்து பேர் மட்டும் அவருக்குப் போன் செய்து, அந்தப் பொங்கல் எந்த ஓட்டல் என்று விசாரித்தார்களாம். நம்ம கட்டுரையை இம்மாம் பேர் படிக்கறாங்களே என்று அவர் மகிழ்ச்சியில் இருந்தார்.

"அடுத்த இதழ்ல அந்தப் பாராவைப் போட்டுட்டா தீந்துதுங்கண்ணா" என்றேன்.

"பிடுங்கின பல்லை மூணு மாசம் கழிச்சு வெச்சா ஒட்டுங்களா தம்பி?"

விழுந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்து வந்தால் திரும்பப் பொருத்த முடியும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்கள் நாங்கள். சூழ்நிலையை லேசாக்கலாம் என்று, "பால்ல போட்டு வெச்சிருந்தா ஒட்டியிருக்குங்கண்ணா" என்றேன்.

"நானும் கேட்டேங்க. உங்க அண்ணி பால் தர மாட்டேன்னுட்டா."

அன்றைக்கே பதவி விலகல் கடிதம் சங்கத்துக்குப் போய்விட்டது. வாய்க்குள் இருக்கும் பல் நன்றாகத் தெரிகிறது, காகிதத்தில் இருக்கும் எழுத்துதான் ஓடுகிறது, இனி நான் கட்டுரையில் கை வைப்பது நோயாளிக்கு நல்லதல்ல என்று எழுதியிருந்தார். செயலாளருக்கு ஃபேமிலி பேக்கின் குளிர் இன்னும் போகவில்லை. ஆண்டுக் கூட்டத்துக்குள் புது ஆசிரியர் கிடைத்தால் இதழ் நடக்கும், கிடைக்காவிட்டால் அதோடு நிறுத்தம், வாட்ஸப் குழுவே போதும் என்று அறிவித்துவிட்டார்.

எடிட்டர் பதறிப்போய் என்னைத் தேடி பொம்மிடிக்கே வந்தார். "நான் போறது போறேன் தம்பி. புத்தகம் நிக்கக் கூடாதுங்க. பின்னட்டை இருக்குதே!"

அந்தப் பின்னட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழுந்துவிடும். தேய்த்தால் போகாது. அதனால் பாதிப் பேர் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள். எனக்கும் அந்தக் கறை உண்டு. பல் டாக்டருக்கு முகமூடி என்ற வசதி இருப்பதால் தொழிலில் தப்பித்தேன். கல்யாண போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பொண்ணு பிடிக்காத மாப்பிள்ளை மாதிரி நின்றிருப்பேன்.

"பல்வரிசை"யின் பின்னட்டையில் ஒவ்வொரு முறையும் மாவட்டத்து ஆள் ஒருவரின் முழுப் பக்கப் படம் வரும். வத்தல்மலையில் காப்பி பறிக்கிற அம்மா, பஸ் கண்டக்டர், காலேஜ் பொண்ணு என்று யாராவது ஒருவர், கையை எடுத்துவிட்டு, கறைப் பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். கீழே ஒரு வரிகூட இருக்காது. அந்தக் கையை எடுக்க வைப்பதற்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். இதழையே பழுப்புத் தாளில்தான் அடிப்பார். வெள்ளைத் தாள் கேட்ட செயலாளரிடம், "நம்ம ஊரு பல்லு கலர்ல இருந்தாத்தாங்க நம்ம ஊரு புத்தகம்" என்று சொல்லிவிட்டார். அவருடைய கிறுக்குத்தனங்களில் எனக்குச் சிரிப்பு வராதது இது ஒன்றுதான்.

அவ்வளவு மதிப்பு இருந்தும், புது ஆசிரியராக நீங்கள் இருக்கிறீர்களா என்று அவர் கேட்பதற்கு முன்பே நான் பேச்சை மழைக்கு மாற்றினேன். நான் மட்டுமில்லை. சேதி பரவியதும் மாவட்டம் முழுக்க டாக்டர்கள் உஷாராகிவிட்டார்கள். அவருடைய நாற்காலியில் எவன் வாய் திறந்து படுக்கிறானோ அவன்தான் அடுத்த எடிட்டர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. "ஆ" என்றால் ஆசிரியர் ஆகிவிடுவோம். பல் வலித்தவர்கள் கிராம்பை அடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தார்கள். கடிக்க முடியாதவர்கள் மறுபக்கப் பல்லைக் கடித்தார்கள்.

என்னுடைய கடைவாய்ப் பல் அந்தச் சமயம் பார்த்துக் கிளம்பியது. என்னிடம் வந்தவர்களுக்கெல்லாம், "இம்மாம் நாள் ஏன் சும்மா வுட்டீங்க?" என்று திட்டிக்கொண்டே நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தாங்க முடியாமல் ஒருநாள் காலையில் சேலத்துக்கு ரயில் ஏறினேன். ஏறிய பெட்டியில் ஜன்னலோரம் ஒருவர் காதுவரை துண்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார். எங்கள் செயலாளர். எதிரே துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிய பாலக்கோட்டு டாக்டரம்மா.

"துணி எடுக்கப் போறேங்க" என்றார் செயலாளர், பல்லைத் திறக்காமல்.

"நானும் துணிதாங்க" என்றார் டாக்டரம்மா.

"எனக்கும் துணிதான்" என்றேன். பிறகு சேலம் வரும்வரை மூன்று பேரும் பேசவில்லை. பேசினால் வலித்தது.

சேலத்தில் மூன்று பேரும் ஒரே துணிக்கடைக்குள் நுழைவது போல ஒரே பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். உள்ளே ஏற்கெனவே எங்கள் மாவட்டத்து ஆட்கள் வரிசையாக வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிடு போட்டுக்கொண்டார்கள். சங்கக் கூட்டத்துக்குக்கூட இத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை. அந்த டாக்டர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, உங்க மாவட்டத்துல பல்லு டாக்டரே கெடையாதுங்களா?" என்று கேட்டார். யாராலும் வாய் திறந்து பதில் சொல்ல முடியவில்லை.

என் முறை வர சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் உயிர் தாங்காது என்று தருமபுரி பஸ்ஸைப் பிடித்தேன். தொப்பூர் கணவாயில் தக்காளி லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பஸ் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. ஒவ்வொரு பிரேக்குக்கும் என் கடைவாய்ப் பல் தனியாக ஒரு தடவை குலுங்கியது. மேலே ஏறி முடிப்பதற்குள் பத்திரிகை ஆசிரியர் பதவி என்ன, மந்திரி பதவி கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிற பக்குவத்துக்கு வந்துவிட்டேன். தருமபுரியில் இறங்கியதும் கால் நேராக அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது.

உள்ளே ஈ, காக்கா இல்லை. எடிட்டர் நோயாளி நாற்காலியில் தானே சாய்ந்து உட்கார்ந்து பழைய "பல்வரிசை" படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சேதி தெரியுங்களா தம்பி? போன வருசம் நாம பல்லு தேய்க்கற முறை பத்திப் போட்டோமே, அந்தக் கட்டுரை வேலை செய்யுதுங்க! ஒரு மாசமா ஒரு டாக்டருக்கும் பல்லு வலியே இல்ல. ஒருத்தர் வரலையே!"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ரயிலில் பார்த்த துண்டையும் துப்பட்டாவையும் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

"உங்களுக்கு மட்டும் எப்படிங்க வந்துது? அந்த இதழ் உங்களுக்குக் கெடைக்கலையா?" என்று வருத்தப்பட்டுக்கொண்டே என்னைப் படுக்க வைத்தார். ஊசி போட்டார். பல்லைத் திறந்து உள்ளே இருந்ததை வடித்தார். என்ன கை அது! வலி இருந்த இடத்தில் திடீரென்று வலி இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அடுத்து அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வாய் நிறையப் பஞ்சு இருந்தது. அவர் வானிலை பேசினார். தக்காளி விலை பேசினார். பஞ்சை எடுத்துவிட்டு, "கொப்பளிச்சுக்கங்க, முடிஞ்சுதுங்க" என்று சொல்லி, கை கழுவப் போய்விட்டார். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. மரத்த உதட்டோடு நானே கேட்டேன்.

"எடித்தருக்கு ஆளு கெடைத்துதாங்கண்ணா?"

அவர் குழாயை மூடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"இல்லீங்க. யாரையும் கேக்கலை. இம்மாம் வருசமா நான் கேட்டதெல்லாம் கேட்டதே இல்லீங்களே தம்பி. வாயில மாவை அடைச்சு வெச்சுட்டுக் கேட்டா எவன் என்னாத்த சொல்லுவான்? எனக்குத் தெரியாதுங்களா, அந்த 'ஆ'வுக்கு என்னா அர்த்தம்னு? இதை ஒன்னையாவது வாயில ஒன்னும் இல்லாதவங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். அப்பிடிக் கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா கெடக்குது. அதான் கேக்காமயே இருக்கறேன்."

மேஜைமேல் அடுத்த இதழுக்கான பக்கங்கள் கிடந்தன. பின்னட்டை காலியாக இருந்தது.

நான் எழுந்து போயிருக்கலாம். எழவில்லை. நாற்காலியில் மறுபடியும் மல்லாந்து படுத்தேன். வாயில் மாவும் இல்லை, பஞ்சும் இல்லை. நன்றாகத் திறந்து, "ஆ" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "என்னாங்க தம்பி, இன்னும் வலிக்குதா?"

"ஆ."

"இது... சரின்னு சொல்றதுங்களா, வேணாம்னு சொல்றதுங்களா?" வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் "ஆ"வுக்கு அர்த்தம் கேட்டார்.

"தரிங்கண்ணா" என்றேன். அதற்குமேல் உதடு ஒத்துழைக்கவில்லை. வெளியிலிருந்து அண்ணிதான், "சரிங்கறாருங்க! அந்தக் குழாயை மூடுங்க மொதல்ல!" என்று கத்தினார்.

ஆண்டுக் கூட்டத்தில் அவருக்குப் பிரிவுபசாரம் நடந்தது. செயலாளர் ஒரு நீண்ட வாழ்த்து மடலை எழுதி வந்து, "பல்லுலகின் பகலவனே" என்று ஆரம்பித்தார். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த எடிட்டர், எழுந்துபோய் அந்த மடலை வாங்கி, சட்டைப் பையில் இருந்து கம்பியை எடுத்துக் குத்த ஆரம்பித்தார். பகலவன் போனான். சிகரம் போனது. சிங்கம் போனது. கடைசியில் "நன்றி" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அதைச் செயலாளர் வாசித்தார். மண்டபம் முழுக்க ஐஸ்கிரீம் வந்தது. சேலத்தில் பல் அடைத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் கூச்சத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

நான் ஆசிரியரான பிறகு, வெளியிலிருந்து வந்த முதல் கட்டுரை அவருடையதுதான். அதில் ஒரு பத்தி முழுக்க என்னைப் புகழ்ந்திருந்தார். கம்பி அங்கே மாட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். போன் போட்டு மரத்துப்போகிற ஊசியும் போட்டுப் பார்த்தேன். அவர் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தார். பிறகு அந்தப் பத்தியைக் கத்தரித்து, பஞ்சு வைத்த கவரில் போட்டு, ஒரு கப் ஐஸ்கிரீமும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நானே போனேன்.

அவர் கவரைப் பிரித்தார். நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் பரீட்சை எழுதிய பையன் மாதிரி நின்றேன்.

"சரியான பல்லுதாங்க தம்பி" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பழக்கத்தில் கை வாய்க்குப் போனது. அவர் செல்போனை எடுத்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பின்னட்டை இன்னும் காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். நான் கையை எடுத்துவிட்டேன்.